முன் பல் ஒன்று, பின் பல் மூன்று

வீட்டு வண்டி: மாதப் பகுதி



சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை. பசியாறிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். என் தங்கை மகன் வந்து சேர்ந்தான். பட்டணத்தில் வேலை செய்கிற பிள்ளை. கையில் பழைய நாளிதழில் சுற்றிய சிறு பொட்டலம். ஏதோ பலகாரம் போலும் என்று எண்ணிப் பிரித்தேன். உள்ளே பளபளவென்று ஒரு பல்சக்கரம்!

"மாமா, அப்பாவோட மோட்டார்ல முன்னால இருக்கிற ஸ்ப்ரோக்கெட்டை மாத்தணும். இது பதினஞ்சு பல்லு. போட்டா ஆள் பறக்கலாமாம், கடைக்காரர் சொன்னாரு" என்றான்.

அவன் அப்பா, அதாவது என் மச்சான், இன்னமும் தோட்டத்தில்தான் இருக்கிறார். பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்து எத்தனையோ காலமாயிற்று. ஆனால் அவருடைய ஹோண்டா சீ-70 மட்டும் போகவில்லை. தினமும் காலையில் பேத்தியைப் பின்னால் உட்கார வைத்து, செம்மண் மேடு ஒன்றைக் கடந்து, சடக்கில் ஏறித் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டு போய் விடுகிறவர் அவர்.

"யார் பறக்கப் போறது? அப்பாவா, பேத்தியா?" என்று கேட்டேன். பையன் சிரித்தான். இருந்தாலும் கேள்வி சிரித்துவிட்டுப் போகக் கூடியதல்ல. பல் மாற்றும் ஆசை நம் பிள்ளைகள் பலருக்கு உண்டு. ஆகவே இம்மாதம் அதைப் பற்றியே பேசுவோம்.

கப்சாயின் கதை

நம் நாட்டில் எல்லா இனத்தவரும் 'கப்சாய்' என்று செல்லமாக அழைக்கும் இந்த வண்டிக்கு முன்னோடி, 1958-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த சூப்பர் கப். ஹோண்டா நிறுவனத்தைத் தொடங்கிய சோய்ச்சிரோ ஹோண்டாவும் அவருடைய கூட்டாளி தக்கியோ புஜிசாவாவும் சேர்ந்து திட்டமிட்ட வண்டி அது. ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டிப் போகும் கடைப் பையனுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அதனால்தான் இதில் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. இயந்திரத்தின் சுழற்சி கூடக் கூடத் தானாகப் பிடித்துக்கொள்ளும் கிளட்ச் உள்ளேயே இருக்கிறது. நம் பக்கத்துக்கு இந்த வண்டியைக் கொண்டு வந்து பரப்பியவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. 2017-ஆம் ஆண்டில் சூப்பர் கப் குடும்பத்து வண்டிகளின் உற்பத்தி உலகம் முழுவதும் 10 கோடியைத் தொட்டது.

சீ-70 வண்டிக்கு ஒரே சிலிண்டர். அதன் அளவு 72 சி.சி. கியர் மூன்று. சக்தி ஏறத்தாழ 6 குதிரை. இந்த ஆறு குதிரைகளை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பல்சக்கரத்தை மாட்டினாலும் ஏழாவது குதிரை வரப் போவதில்லை.

காண்டா தூக்கியவர்களுக்குத் தெரியும்

பால் வெட்டிய காலத்தில் காண்டாவில் இரண்டு வாளியையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்த தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். சமதரையில் எட்டி எட்டி நடப்பார்கள். மேடு வந்துவிட்டால் எட்டு வைப்பதில்லை, குறுநடையாகத்தான் ஏறுவார்கள். எட்டி வைத்தால் முழங்கால் நடுங்கும், பால் சிந்தும். ஆள் அதே ஆள், பலமும் அதே பலம். நடையின் அளவு மட்டுந்தான் மாறுகிறது.

வண்டியின் சங்கிலியில் நடப்பதும் இதுவேதான். இயந்திரத்தின் பக்கம் இருப்பது முன் பல்சக்கரம்; பின் டயரோடு சுற்றுவது பின் பல்சக்கரம். பின் பல்லை முன் பல்லால் வகுத்தால் வரும் எண்ணே வண்டியின் 'நடை'. கணக்கு எளிதாக இருக்கும்படி முன்னால் 14, பின்னால் 42 என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. முன் சக்கரம் மூன்று சுற்று சுற்றினால் பின் டயர் ஒரு சுற்று சுற்றும்.

முன்னால் 15 பல் போட்டால் 2.8 ஆகிறது. இது எட்டு நடை. 13 போட்டால் ஏறத்தாழ 3.23. இது குறுநடை.

இனி வேகத்தைப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்திற்கு 1000 மீட்டர். 17 அங்குல ரிம்மில் 2.50 டயர் போட்ட சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மீட்டர் ஓடும். ஆகவே அது நிமிடத்திற்கு 570 சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். முன் பல் 14-ஆக இருக்கும்போது எந்த இயந்திர ஓட்டத்தில் 60 வருகிறதோ, அதே ஓட்டத்தில் 15 பல்லுக்கு 64 வரும். 13 பல்லுக்கு 56-தான் வரும்.

ஆகா, நான்கு கிலோமீட்டர் கூடுகிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அதற்குக் கொடுக்கும் விலை பின் டயரின் இழுவை. 15 பல்லுக்கு இழுவை நூற்றுக்கு ஏழு பங்கு குறைகிறது. 13 பல்லுக்கு நூற்றுக்கு எட்டுப் பங்கு போலக் கூடுகிறது. ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் இறங்கும் தராசு இது.

அதுவும் அந்த நான்கு கிலோமீட்டர் நிச்சயமாகக் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. வேகம் கூடக் கூட எதிர்காற்று மிகக் கடுமையாகத் தள்ளும். அந்தக் காற்றைக் கிழிக்க ஆறு குதிரைக்கும் மூச்சு வாங்கும். எட்டு நடை அதிகமானால் மூன்றாவது கியரில் இயந்திரம் தன் முழு ஓட்டத்தை எட்டவே முடியாமல் திணறும். மாற்றுவதற்கு முன்பு போன வேகம்கூடப் போகாமல் நிற்கிற வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

தலைப்பில் நான் சொன்ன கணக்கையும் இங்கே பாருங்கள். முன்னால் ஒரு பல்லைக் குறைப்பதும், பின்னால் மூன்று பல்லைக் கூட்டுவதும் ஏறக்குறைய ஒன்றே. முன்னால் 13, பின்னால் 42 என்றால் 3.23, முன்னால் 14, பின்னால் 45 என்றால் 3.21. முன் சக்கரம் சிறியது, விலையும் மலிவு. அதனால்தான் எல்லாரும் முன் பல்லிலேயே கை வைக்கிறார்கள்.

நான் செய்த தவறு

மருமகனுக்கு என் சொந்தக் கதை ஒன்றைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1979-ஆம் ஆண்டு. எனக்கு அப்போது இளவயது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பழைய சீ-70 ஒன்று வாங்கியிருந்தேன். என் கைக்கு வந்தபோது அதில் 14-42 இருந்தது. சடக்கில் கூட்டாளிகளை முந்த வேண்டும் என்ற ஆசையில் முன்னால் 16, பின்னால் 39 போட்டேன். அழகுக்கு இடைஞ்சல் என்று சங்கிலி மூடியையும் கழற்றி வீட்டுக் கூரைக்கு மேல் எறிந்தேன். 3-ஆக இருந்த கணக்கு 2.44 ஆயிற்று. ஐந்தில் ஒரு பங்கு இழுவை போய்விட்டது என்பது எனக்குத் தெரியாது. சடக்கில் இறக்கத்தில் போகும்போது காதில் காற்று அடித்தது. அதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த மழைக்காலத்தில் ஓர் இரவு அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பட்டணத்து மருத்துவரிடம் போக வேண்டும். அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துப் போர்வையால் மூடிக்கொண்டு புறப்பட்டேன். லயத்தைத் தாண்டியதும் அந்தச் செம்மண் மேடு. முதல் கியருக்கு மேல் இறங்க வேறு கியர் இல்லை. வண்டி பாதி மேட்டில் முனகியது. இயந்திரம் மெதுவாக ஓடினால் கப்சாயின் தானியங்கிக் கிளட்ச் முழுவதுமாகப் பிடிக்காது, வழுக்கும். வழுக்க வழுக்கச் சூடேறும். கருகிய நாற்றம் வந்தது. பிறகு வண்டி நின்றுவிட்டது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இறங்கினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்த மழையில், காய்ச்சலோடு, மேடு முழுவதும் நடந்தார். நான் ஒரு கையால் வண்டியைத் தள்ளினேன். உச்சிக்கு வந்து மூச்சு வாங்கியபடி, "மோட்டாரு நல்லாத்தாம்பா ஓடுது. மேட்டுல மட்டுந்தான் நடக்கணும்" என்றார்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தச் சொல்லை இன்றுவரை மறக்க முடியவில்லை. மறுநாளே பழைய பற்களைத் திரும்ப மாட்டினேன். கூரை மேல் ஏறிச் சங்கிலி மூடியையும் தேடி எடுத்தேன்.

மாற்றுவதற்கு முன் மூன்று கேள்விகள்

ஒன்று: வண்டியில் வழக்கமாக எத்தனை பேர், எவ்வளவு சுமை? தனியாள் சடக்கில் நெடுந்தூரம் போகிறவர் என்றால் ஒரு பல் கூட்டிப் பார்க்கலாம். இயந்திரம் அலறாமல் நிதானமாக ஓடும். பின்னால் ஆளும் பையும் ஏறுகிற வண்டிக்கு அது பொருந்தாது.

இரண்டு: உங்கள் பாதையில் மிகக் கடினமான இடம் எது? அந்த மேட்டில் இரண்டாவது கியர் திணறி, முதல் கியருக்கு இறக்கினால் இயந்திரம் அலறுகிறதா? அப்படியானால் ஒரு பல் குறைப்பது நல்லது. அப்போது இரண்டாவது கியரே மேட்டைத் தாங்கும். இறக்கத்திலும் ஓர் அனுகூலம் உண்டு. குறுநடை வண்டியை இயந்திரமே பிடித்து நிறுத்தும். பிரேக் சூடாவது குறையும். எட்டு நடை போட்ட வண்டி சுமையோடு இறங்கும்போது எல்லாப் பாரமும் சின்னஞ்சிறு டிரம் பிரேக்கின் மேல் விழும்.

மூன்று: இப்போது வண்டியில் இருப்பது எத்தனை பல்? கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள், எண்ணிப் பாருங்கள். பழைய வண்டி பல கை மாறியிருக்கும். யார் எதை மாட்டினார்களோ! சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பல்லில் குறியிட்டுக்கொண்டு எண்ணினால் தவறு வராது.

எத்தனை பல் மாற்றலாம் என்றால், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. மாற்றிய பின் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். முன் சக்கரத்தை மிகவும் சிறியதாக்கினால் சங்கிலி கூர்மையாக மடங்கிச் சீக்கிரம் தேயும். மிகவும் பெரியதாக்கினால் சங்கிலி, மூடியில் உரசும்.

மாற்றும் முறை

வண்டியை இரட்டைக் கால் ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்துங்கள். இயந்திரம் ஆறியிருக்க வேண்டும். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இடது பக்கக் கியர் மிதியின் போல்ட்டை முழுவதும் கழற்றி மிதியை இழுங்கள். பிறகு இடது மூடியின் ஸ்குரூக்கள். பழைய வண்டியில் இவை இறுகிக் கிடக்கும். தலை சிதைந்தால் பெரும்பாடு. சரியான அளவு ஸ்குரூடிரைவரை வைத்து, சுத்தியலால் தட்டித் திருகும் வகைக் கருவி கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

உள்ளே முன் பல்சக்கரத்தை ஒரு பூட்டுத் தகடும் இரண்டு சிறு போல்ட்டுகளும் பிடித்திருக்கும். சங்கிலியைக் கழற்றுவதற்கு முன்பே இந்தப் போல்ட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். ஒருவர் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தால் சக்கரம் சுற்றாது. தகட்டைச் சற்றுத் திருப்பினால் வெளியே வரும். பின்பு பின் அச்சைத் தளர்த்திச் சங்கிலியை இறக்கி, பல்சக்கரத்தை மாற்றுங்கள். தகட்டைத் திரும்பப் போடும்போது திருப்பிப் பூட்ட மறக்க வேண்டாம்.

முன்னால் ஒரு பல் மாற்றினால் பின் அச்சு மூன்று மில்லிமீட்டர் போல நகர்ந்தால் போதும். சங்கிலியை வெட்ட வேண்டியிருக்காது. பின்னால் மூன்று பல் மாற்றினால் ஒரு சென்டிமீட்டர் அளவு நகர வேண்டும். சில வண்டிகளில் சங்கிலியின் நீளத்தையே மாற்ற நேரும்.

சங்கிலியின் தொய்வு, நடுப்பகுதியில் மேலும் கீழுமாக ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இருக்கட்டும். மூடியில் உள்ள ரப்பர் அடைப்பை எடுத்துவிட்டு விரலால் பார்க்கலாம். சக்கரத்தைச் சுற்றிப் பல இடங்களில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தைக் கணக்கில் எடுங்கள். சங்கிலியை வீணை நரம்பு போல் முறுக்கிவிடக் கூடாது. இரு பக்கத்து அட்ஜஸ்டர் கோடுகளும் ஒரே அளவில் நிற்க வேண்டும். இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். பிளந்த முனை முன்னே இருந்தால் கழன்று விழும்.

பின் சக்கரம் நகர்ந்ததால் பின் பிரேக்கின் அளவும் மாறியிருக்கும். அதைச் சரிசெய்து, அச்சு நட்டை இறுக்கி, பின் விளக்கு பிரேக் மிதித்தவுடன் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாலைக்கு எடுக்க வேண்டும்.

பற்கள் கொக்கி போல் வளைந்திருந்தாலும், சங்கிலி நீண்டிருந்தாலும் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பழைய சங்கிலி புதுப் பல்லைத் தின்னும். தேய்ந்த பல் புதுச் சங்கிலியைத் தின்னும். இவ்வண்டியின் 420 சங்கிலியில் 40 கண்ணிகளை இழுத்துப் பிடித்து அளந்தால் புதிதில் 508 மில்லிமீட்டர். 518-ஐத் தொட்டுவிட்டால் விடை கொடுத்துவிடலாம். 428 சங்கிலிக்கும் கண்ணி நீளம் இதுவே. ஆனால் அகலம் அதிகம். ஆகவே இரண்டையும் கலக்க வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

சங்கிலி மூடியை அழகுக்காகக் கழற்றும் பிள்ளையை அனுமதிக்காதீர்கள். மூடி சேற்றைத் தடுக்கிறது. அதைவிட முக்கியம், பின்னால் உட்காருகிறவரின் சேலையையும் கைலியையும் துப்பட்டாவையும் அது காக்கிறது. முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறுங்கள்.

இன்னொன்று. ஸ்டாண்டில் வைத்து இயந்திரத்தை ஓடவிட்டுச் சங்கிலியைத் துணியால் துடைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. துணியைப் பல் இழுக்கும்போது விரலும் சேர்ந்து போய்விடும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கையால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளித் துடைப்பதே முறை. அந்த நேரத்தில் சிறுபிள்ளைகள் அருகில் நின்று சக்கரத்தைச் சுற்றி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகன் என்ன செய்தான்?

கதையைக் கேட்டுவிட்டுப் பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு இருவரும் தோட்டத்துக்குப் போனோம். "முதலில் அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த மேட்டை ஒரு முறை ஏறிவிட்டு வா" என்றேன். போய் வந்தான். மூடியைக் கழற்றிப் பல்லை எண்ணினோம். முன்னால் 14, பின்னால் 42.

"ரெண்டாவது கியர் தாங்கல மாமா. முதல் கியர்ல கத்துது. அப்பா இவ்வளவு நாளும் இப்படித்தான் பாப்பாவ ஏத்திக்கிட்டுப் போறாரா?" என்றான்.

மச்சான் திண்ணையில் உட்கார்ந்தபடி, "பழகிப் போச்சுப்பா" என்றார்.

"அப்பா, சடக்குல எவ்வளவு வேகத்துல போவீங்க?"

"நாப்பது. பாப்பா பின்னால இருக்குதுல்ல."

பையன் பொட்டலத்தைத் திரும்பவும் நாளிதழில் சுற்றினான். பிற்பகல் பட்டணத்துக்குப் போய், 15 பல்லைக் கொடுத்துவிட்டு 13 பல்லும் ஒரு புதுச் சங்கிலியும் பின்னுக்குப் புது 42-ம் வாங்கி வந்தான். பொழுது சாய்வதற்குள் மாட்டி முடித்தோம். மாலையில் மச்சான் பேத்திக்கு ஹெல்மெட் மாட்டி, பின்னால் உட்கார வைத்து மேட்டை ஏறினார். சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாங்கள் கீழே நின்றோம். இரண்டாவது கியர். ஒரே சீரான சத்தம். உச்சிவரை மாறவில்லை.

வேகமானி பற்றி ஒருவர் கேட்கக்கூடும். இந்த வண்டியில் அது முன் சக்கரத்திலிருந்து ஓடுகிறது. ஆகவே பல் மாற்றினாலும் பொய் சொல்லாது. ஆனால் சில வேகமானிகளில் ஒவ்வொரு கியருக்கும் உரிய எல்லையைக் காட்டும் 1, 2, 3 என்ற குறிகள் இருக்கும். பல்லை மாற்றினால் அவை பொருந்தா. காதால் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

தம்பிமார்களே, வண்டி யாருடையது, அதில் யார் ஏறுகிறார்கள், எந்த மேட்டில் ஏறுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பல்லைத் தேர்ந்தெடுங்கள். நம் வீட்டில் யாரும் மேட்டில் இறங்கி நடக்கும்படி வைக்காதீர்கள்.

அடுத்த மாதம் டிரம் பிரேக்கைக் கழற்றிப் பார்ப்போம். வணக்கம்.